பெட்டியின் ஆறாவது இடம்

பப்ஸ் மடிக்கிறவளுக்கு பப்ஸே கசந்துபோயிருக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரியின் பின்னறையில் பதினான்கு வருடமாக மாவு மடிக்கிறேன். இன்றைக்கும் முதல் தட்டு வெளியே வந்தால் முட்டை பப்ஸ் ஒன்றின் மூலையைப் பிய்த்து, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொள்வேன். மேல் ஏடு நொறுங்கும். அடியில் வதக்கின வெங்காயமும் மிளகும் காரமாக வரும். காய் பப்ஸ் ஆறினால்தான் ருசி. காளான் பப்ஸ் சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் சவசவவென்று ஆகிவிடும். இதெல்லாம் எனக்கு இன்னும் பிடிக்கும். நான் வாயில் வைக்காமல் இருப்பது ஒன்றைத்தான். அது தேங்காய் பன்.

கடைப் பலகையில் அதற்கு தில்பசந்த் என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிக் கேட்பதில்லை. "தேங்கா பன்னு ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். பன் மாவை அகலமாகத் தட்டி, சர்க்கரையில் புரட்டிய தேங்காய்த் துருவலும் சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டியும் அதன் மேல் பரப்பி, இன்னொரு வட்டத்தால் மூடி, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டி வேகவைப்பது. வெந்ததும் எட்டுத் துண்டாக அறுப்பார்கள்.

என் அக்காவுக்கு அது உயிர். அதை அவளுக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். ஒன்றரை வருடம் ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்திவைத்தேன். அக்கா இப்போது இல்லை. நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்திருந்தால் தங்கச்சியைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்பதுதான் அவள் போனதிலிருந்து என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். ஏழாவது படிக்கும்போது அம்மா நடவுக்குப் போய் வரப்பில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் என் நினைப்பு அம்மாவிடமே இருக்கும். தண்ணீர் எட்டுமா, தனியாக எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுவாளா என்று ஓடும். வாத்தியார் கேட்பது காதில் விழாது. ஒரு திங்கட்கிழமை போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். "படிக்கச் சொல்லி அடிக்கலாம். பயப்படாதன்னு சொல்லி அடிக்க முடியுமா?" என்று அம்மாவிடம் சொன்னாள்.

தீபாவளிக்கு சோமாஸ் செய்வோம். பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் தேங்காயும் உள்ளே வைத்து மடித்து எண்ணெயில் போடுவது. ஒன்று வாய் திறந்தால் போதும், பூரணம் எண்ணெயில் கொட்டிக் கருகி மற்றதையும் கெடுத்துவிடும். அந்தப் பயத்தில் நான் ஓரத்தை இறுக்கி அழுத்துவேன். வெந்து வரும்போது ஓரம் கருங்கல் மாதிரி இருக்கும்.

"உன் சோமாஸ ஒடைக்கணும்னா சுத்தி எடுத்தாரணும்டி," என்பாள் அக்கா.

"ஒண்ணாவது தொறந்துச்சா?"

"தொறக்கல. அதான் எனக்குப் பல்லு போவுது."

பின்னால் பேக்கரியில் எனக்கு வேலை கொடுத்ததும் இந்த அழுத்தலைப் பார்த்துத்தான். நான் ஒட்டினது எதுவும் அடுப்பில் வாய் பிளந்ததில்லை. தேங்காய் பன்னுக்கு ஓரம் ஒட்டுவதை மாஸ்டர் வேறு யாரிடமும் தருவதில்லை.

அக்காவை வெள்ளிமலையில் கொடுத்தோம். மாமாவுக்கு அங்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை. நம் பக்கத்து ஆள்தான், பிழைப்புக்காக மலையேறியவர். அக்காவும் ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டாள். பிள்ளை இல்லை. கடையே அவர்களுக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. மலைக்குப் போய்வர எனக்கு முடியாது. வளைவுக்கு வளைவு குமட்டும். குமட்டாத வளைவில் பிரேக் பிடிக்குமா என்று நினைப்பு வரும். வருடத்துக்கு ஒரு தடவை, கையில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய் வருவேன். அதனால் என் கையால் செய்ததை மட்டும் அனுப்பினேன்.

புதன்கிழமை புதன்கிழமை பார்சல். அரைக் கிலோ கேக் வைக்கிற அட்டைப் பெட்டி. அதில் ஆறு பப்ஸ் வரிசையாக உட்காரும். மூன்று முட்டை, இரண்டு காய், ஆறாவது இடத்தில் ஒரு துண்டு தேங்காய் பன். நூல் கட்டி, மேலே 'டைலர் கடை' என்று எழுதி, வெள்ளிமலை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுப்பேன். அவர் அதை இன்ஜின் மூடியின் மேல் வைப்பார். இரண்டு மணி நேரம் இன்ஜின் சூட்டில் போவதால் அங்கே இறங்கும்போது பப்ஸ் அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரியே இருக்கும். அக்கா பெட்டியை வாங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அது வராமல் பத்து நிமிடம் போனால் எனக்குக் கை ஓடாது. ஒரு தடவை ஃபோனில் சார்ஜ் இல்லாமல் அவள் கூப்பிடவில்லை. நான் மாவுக் கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, மலையிலிருந்து இறங்கிய இன்னொரு பஸ் டிரைவரிடம் விசாரித்தேன்.

"பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆவலம்மா. உன் பப்ஸுக்கும் ஒண்ணும் ஆவல," என்றார் அவர். இதைக் கேட்டு அக்கா ஒரு மாதம் சிரித்தாள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தேங்காய் பன்னைத்தான் எடுப்பாளாம். அதையும் உடனே கடிக்க மாட்டாள். மிஷின் மேல் ஓரமாக வைத்துக்கொண்டு, ஒரு ஜாக்கெட் முடிந்தால் ஒரு கடி. தேங்காயை ஒதுக்கி ஒதுக்கித் தின்று, ஒட்டின ஓரத்தைக் கடைசியில் தின்பாள். "ஓரத்துலதான் நீ இருக்க," என்று ஃபோனில் சொல்லுவாள். "கடிச்சா கடிபட மாட்டேங்குது."

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மாமா கூப்பிட்டார். மலையில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சும்மா போய் விரலைக் காட்டினவளுக்கு சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஜாஸ்தியா மாமா?"

"ஜாஸ்திதான். மாத்திர குடுத்துருக்காங்க. இனிப்ப கம்மி பண்ணச் சொல்றாங்க. உங்க அக்கா கேக்கறாளா? காப்பிக்கு நாட்டுச்சக்கர போட்டுக்கினு உக்காந்திருக்கா."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் இருப்பது கருணாபுரம். எங்கள் சந்தில் எதிர்வீட்டு அம்மாவுக்கு சுகர். முதலில் கால் விரல் ஒன்று போனது. அடுத்த வருடம் பாதம் போனது. இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலுக்குப் பதிலாக அக்காவின் கால்தான் எனக்குத் தெரிந்தது. தையல் மிஷினை மிதிக்கிற கால்.

அந்தப் புதன்கிழமை ஆறாவது இடத்தில் இன்னொரு காய் பப்ஸை வைத்து அனுப்பினேன். மிஸ்டு கால் வரவில்லை. நேரே பேசவே கூப்பிட்டாள்.

"இன்னாடி, தேங்கா பன்னு எங்க?"

உனக்கு சுகர், தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு துண்டுல இன்னா ஆயிடப் போவுது என்பாள். சிரிப்பாள். கெஞ்சுவாள். அவள் கெஞ்சினால் என்னால் தாங்க முடியாது, அடுத்த வாரமே வைத்துவிடுவேன். அதற்குப் பயந்து வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாஸ்டர் போய்ட்டாருக்கா. புதுசா ஒருத்தர் வந்துருக்காரு. அவருக்கு தேங்கா பன்னு வராதாம்."

"வராதுன்னா? அது இன்னா பெரிய வித்த?"

"எனக்கு இன்னா தெரியும்? ஓரம் ஒட்டறதுதான் என் வேல."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த எடத்துல காரத்த வெக்காத. அது அதோட எடம். காலியா வுடு. வந்தா வரட்டும்."

காலியாக விட்டால் வளைவுகளில் மற்ற பப்ஸ் சாய்ந்து நொறுங்கும். அதனால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் திணித்து அனுப்பினேன். ஒன்றரை வருடம் அவளுக்குப் போனது ஐந்து பப்ஸும் ஒரு காகிதச் சுருட்டும்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. புது மாஸ்டர் எந்த ஊர் என்றாள். ஈரோடு பக்கம் என்றேன். கல்யாணம் ஆனவரா என்றாள். ஆகிவிட்டது, இரண்டு பெண்கள் என்றேன். நிஜத்தில் எங்கள் மாஸ்டர் எங்கேயும் போகவில்லை. அவர் என் முதுகுக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார், நான் அவர் ஊரைவிட்டுப் போன கதையை ஃபோனில் சொல்லிக்கொண்டிருப்பேன். தினமும் பன்னுக்கு ஓரம் ஒட்டுவேன். எட்டாக அறுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்குவேன். அக்காவுக்கு மட்டும் கிடையாது. கஷ்டமாக இருக்கும்தான். ஆனால் வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்து எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்ததும் மனது கெட்டியாகிவிடும். நல்லதுதானே செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை மட்டும் கை தடுமாறியது. அன்றைக்கு அக்காவுக்குக் கல்யாண நாள். ஒரு துண்டை எடுத்து ஆறாவது இடத்தில் வைத்தும்விட்டேன். நூல் கட்டப் போகும்போது எதிர்வீட்டு அம்மாவின் கட்டுப் போட்ட கால் கண்ணில் வந்தது. பிரித்து எடுத்துவிட்டேன். துண்டு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன் மேல் காகிதத்தை வைத்து மூடினேன்.

போன ஆவணியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மலையில் மழை, எல்லோருக்கும் வருகிறதுதான் என்று இருந்துவிட்டார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஜீப் வைத்துக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினார்கள். நான் போனபோது மூக்கில் குழாய் வைத்திருந்தது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருக்கிறது, நிமோனியா என்றார்கள்.

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். "சுகராலதான் இப்படி ஆச்சாம்மா?"

"சுகர் இப்ப கட்டுக்குள்ளதான் இருக்குது. மாத்திர ஒழுங்கா போட்டிருக்காங்க. சாப்பாடு எப்படி?"

"இனிப்பே தரதில்லம்மா," என்றேன். எனக்குள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "காரம் மட்டும்தான். பப்ஸ் அனுப்புவேன். நானே செய்யறது."

"பப்ஸா? மைதாதானே அது? மைதாவும் சுகர்தான் ஏத்தும். இனிப்புக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா."

நான் சுவரோடு நின்றுவிட்டேன். வாரம் ஐந்து. ஒரு துண்டைப் பிடுங்கிவிட்டு ஐந்தை நானே ஊட்டியிருக்கிறேன். இனிக்காத எதுவும் சர்க்கரை ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

"அதனாலதான் காய்ச்சலா?"

"அதனால இல்லம்மா. இது வேற. நீங்க போய் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அக்கா கண்ணைத் திறந்தாள். என் கையை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்த மாவு இருந்தது. குழாய்க்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

"மாஸ்டர் வந்துட்டாராடி?"

"இன்னும் வரலக்கா," என்றேன். "வந்துடுவாரு. நீ எழுந்து வூட்டுக்கு வா, வந்துடுவாரு."

அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். பேக்கரி அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஓடியிருந்தால் ஐந்து நிமிடம். தின்ன முடியாவிட்டாலும் கண்ணில் காட்டியிருக்கலாம். அக்கா தலையை மெதுவாக ஆட்டினாள், சரி என்பது போல. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். வெள்ளிமலைக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பார்கள். பீடி பிடித்தவருக்கு பீடி வைப்பார்கள், பரோட்டா பிடித்தவருக்கு பரோட்டா. காரியத்துக்கு முந்தின நாள் மாமா கூப்பிட்டார். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேம்மா. தேங்கா பன்னு மட்டும் நீ கொண்டாந்துடு. முழுசா." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன கதைப்படி அந்தப் பன்தான் கடையில் இல்லையே, எங்கிருந்து கொண்டுவரச் சொல்கிறார்?

அன்றைக்கு மாஸ்டரிடம் கேட்டு நானே முழுதும் செய்தேன். அறுக்காமல் முழு வட்டமாகப் பெட்டியில் வைத்து முன்பக்கம் கொண்டுவந்தபோது கல்லாவில் இருக்கும் அண்ணன் எழுந்து நின்றார்.

"அக்கா படையலுக்காம்மா?"

"ஆமாண்ணா."

"பாவம். கடைக்குக் கூட ஒரு தடவ வந்தாங்களே. நீ அன்னிக்கு லீவு."

பெட்டியைக் கல்லா மேல் வைத்தேன். "எப்ப வந்தா?"

"ரொம்ப நாளாச்சு. போன தைக்கு முன்னாடி இருக்கும். தையல் நூல் எடுக்க வந்தேன்னு சொன்னாங்க. தோ, இந்தக் கண்ணாடியாண்டதான் நின்னாங்க. தேங்கா பன்னு மறுபடியும் போட ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டாங்க. நிறுத்துனாத்தானம்மா ஆரம்பிக்கறதுக்கு, தெனம் போடறோமேன்னு சொன்னேன். மாஸ்டர் அதே ஆளான்னாங்க. அதே ஆள்தான், தோ உள்ள இருக்காருன்னேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கினு நின்னாங்க. ஒரு துண்டு கட்டட்டுமான்னு கேட்டேன். வேணாம்ணா, என் தங்கச்சி குடுத்தா சாப்புடறேன்னுட்டு போய்ட்டாங்க. ஏம்மா, உன்கிட்ட சொல்லலியா?"

அவள் சொல்லவில்லை. போன தைக்கு முன்னால் என்றால் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் புதன்கிழமை தவறாமல் ஃபோனில், "உன் மாஸ்டர் இன்னாடி சொல்றாரு? இன்னும் கத்துக்கலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, "பாவம் அந்த ஆளு. நான் வேணா வந்து கத்துக் குடுக்கவா?" என்றாள். நானும் ஈரோட்டு மாஸ்டரின் சின்னப் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் அதற்கும், "வேப்பல கட்டச் சொல்லு" என்றாள். பொய் என்று தெரிந்துகொண்டே இல்லாத பிள்ளைக்கு வேப்பிலை கட்டச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எலுமிச்சம்பழம் எடுக்க மறந்துவிட்டேன். குமட்டவில்லை. பிரேக்கைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. என்னைக் கேலி செய்தாளா, என் மேல் கோபமா, தங்கச்சி நம்மிடம் மறைக்கிறாளே என்று உட்கார்ந்து அழுதாளா என்றே மேலே போகும் வரைக்கும் ஓடியது.

இலையில் எல்லாம் இருந்தது. சாமைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, காபி, வெற்றிலை, புதுப் புடவை. அவள் தைத்த ஜாக்கெட் ஒன்றையும் மடித்து வைத்திருந்தார்கள். நடுவில் தேங்காய் பன்னை மாமாவே எடுத்து வைத்தார். கற்பூரம் காட்டி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றோம். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று கொஞ்ச நேரம் விடுவது வழக்கம். அந்த நேரத்தில்தான் மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அக்காவுக்குத் தெரியுமா? நான் சொன்னது பொய்யின்னு?"

"மாஸ்டர் கதயா? தெரியுமே. அன்னிக்கு நூல் வாங்கிக்கினு வந்து ஒரே சிரிப்பு. அப்பறம் கொஞ்சம் அழுதா."

"ஏன் அழுதா? கோவமா?"

"கோவம் இன்னா கோவம். 'என் கால நெனச்சி பயந்துக்கினு இருக்கா பாருங்க, நேரா சொல்லக்கூட பயம், இதுக்குன்னு ஒரு மாஸ்டர வேற ஈரோட்டுலருந்து புடிச்சிக்கினு வந்துருக்கா'ன்னா. நான் சொன்னேன், தெரிஞ்சிபோச்சின்னு ஃபோன போட்டு சொல்லிடேன், ஒரு துண்டு அனுப்புவாளேன்னு. அதுக்கு ஒத்துக்கல."

"ஏனாம்?"

மாமா கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'நான் கேட்டு வாங்குனா அவளுக்குத் தூக்கம் வராது, எனக்கு எது வந்தாலும் தன்னாலதான்னு நெனப்பா, அவளுக்கா தோணி என்னிக்கி வெக்கறாளோ அன்னிக்கி சாப்புடறேன்'னுட்டா. ஒவ்வொரு புதனும் பொட்டிய தொறந்து மொதல்ல அந்தக் காகிதத்த எடுத்துப் பிரிப்பா. உள்ள இருக்குமோன்னு. இல்லன்னா சிரிச்சிக்கினே பப்ஸ எடுத்துக்கினு மிஷின்ல உக்காந்துடுவா. ஒரு தடவ அடியில எண்ண கற இருந்துச்சாம். 'வெச்சிட்டு எடுத்துருக்காய்யா, இன்னும் கொஞ்ச நாள்தான்'னு அன்னிக்கெல்லாம் குஷி."

எனக்கு அழுகை கூட வரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று தோன்றியது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டிருந்தேன். இடையில் போய்வந்தது ஒரு காகிதச் சுருட்டு.

கதவைத் திறந்தார்கள். சின்ன அத்தை உறவில் ஒருவர் கத்தி எடுத்து வந்து பன்னை அறுத்தார். எட்டுத் துண்டு. "யார்மா இத ஒட்டுனது? ஓரம் அறுபட மாட்டேங்குது," என்றார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு துண்டை மட்டும் மாமா பிட விடாமல் எடுத்து, நான் கொண்டுவந்த பெட்டியிலேயே வைத்து என்னிடம் நீட்டினார்.

"இது அவ துண்டு. நீ எடுத்துக்கினு போ."

சாயங்கால பஸ்ஸில் இடம் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் ஓரமாக நின்றேன். வாரா வாரம் என்னிடம் பார்சல் வாங்குகிறவர்தான். அவருக்கு விஷயம் தெரியாது.

"இன்னாம்மா, மேல போற பொட்டி கீழ எறங்குது? அக்கா ஊர்ல இல்லியா?"

"இல்லண்ணா," என்றேன்.

"குடு. வெக்கறேன்," என்று கையை நீட்டி வாங்கி, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார். வளைவில் அது நகரும் போதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு துண்டு மட்டும் இருந்ததால் பெட்டி முழுக்க அது உருண்டிருக்கும். காகிதம் வைத்து அடைக்க எனக்கு மனது வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது பெட்டி சூடாக இருந்தது. வழக்கமாக அது அக்காவின் கைக்குப் போகிற சூடு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து திறந்தேன். தேங்காய் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஓரம் மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தது. அந்த ஓரத்தைத்தான் கடித்தேன். கெட்டியாக இருந்தது. வெகுநேரம் மென்றேன். தேங்காயை என்னால் தின்ன முடியவில்லை.

அப்புறம் பையிலிருந்து ஃபோனை எடுத்து, அவள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். பெட்டி வந்து சேர்ந்தால் கொடுப்பதுதானே. இரண்டு தடவை அடித்தது. கடையில் மாமா எடுப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.